ஆளுக்கொரு ராகுகாலம்

லண்டன் வெம்பிளி பார்க் ஸ்டேஷனில் ரயிலேறிய ஒரு பெண்ணும் ஓர் இளைஞனும் என் எதிர் இருக்கையில் தொப்பென்று உட்கார்ந்தார்கள். இருவர் கழுத்திலும் ஒரே கம்பனியின் அட்டை தொங்கியது. அந்தப் பெண்தான் தொடங்கினார்.

“தம்பி, திங்கக்கிழமையில என்ர பில் அனுப்புற வேலை தானா ஓடத் தொடங்கேக்க உம்மட டேட்டா பக்கப்பும் ஓடுது. ரெண்டும் முட்டி, கிழமைக்குக் கிழமை சிஸ்டம் படுக்குது. ஏன் அந்த நேரத்துக்கு வச்சனீர்?”

இளைஞன் குனிந்துகொண்டான்.

“ராகுகாலம் முடிஞ்ச கையோட நல்லதெண்டு வச்சனான் அக்கா.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“நானும் அதுக்குத்தான் வச்சனான்.”

“இண்டைக்கு மனேஜர் கேப்பான். வெள்ளைக்காரனுக்கு இதை என்னண்டு சொல்லுறது?”

“சொல்ல ஏலாது. உம்மடதை முன்னுக்குத் தள்ளுமன்.”

“முன்னுக்கு ராகுகாலமெல்லோ.”

“அப்ப பின்னுக்கு?”

“ஓடி முடிய முன்னம் எமகண்டம் வந்திடும், அக்கா.”

அவர் பெருமூச்சு விட்டார்.

“நீர் எந்தக் கலண்டர் பாக்கிறனீர்?”

“கோயில்ல தந்த லண்டன் கலண்டர்.”

“நானும் அதுதான். சரி, நீர் லண்டன் ராகுகாலத்தையே பாரும். நான் இனி யாழ்ப்பாணத்து ராகுகாலத்தைப் பாக்கிறன்.”