பஞ்சு வைத்த கை

பலெர்மோ ஆய்வுகூடத்தின் எலியறையை இருபத்திரண்டு ஆண்டுகள் ஏற்று நடத்தி இன்று ஓய்வுபெறும், அன்புக்கும் மதிப்புக்கும் உரிய பவளராணி அக்கா அவர்களே! பொறுமையின் உறைவிடமே! சொல் சுருக்கிச் செயல் பெருக்கிய செம்மனத்தவரே!

நகரோரப் பிரான்காச்சோவிலிருந்து முதல் பேருந்தில் வந்து, கூடு கழுவி, தீன் வைத்து, நான்கு பாகைக் குளிரறையில் கம்பளிச் சட்டையோடு நின்றவர் நீங்கள். குளிரில் விட்ட எலி முதலில் நடுங்கும். மூன்று கிழமையில் நடுக்கம் நிற்கும். அதன் பழுப்புக் கொழுப்பில், கலங்களுக்குச் சக்தி ஆக்கும் மைற்றோகொண்டிரியாக்கள் பெருகி, எரிப்பதை வேலைக்கான சக்தியாக்காமல் வெப்பமாகவே விட்டுவிடும். இது ஆய்வை நடத்தும் பேராசிரியர் சொன்னது. நடுக்கம் நின்ற நாளைப் பார்த்துக் குறித்தது நீங்கள்.

கூட்டுக்கு இரண்டு எலிகள். சென்ற மாசியில் ஒரு கூட்டில் ஒன்று செத்தது. மற்றது மூலையில் தனியே நடுங்கியது. மனைவி நிசாந்தி இறந்து பதினோராம் நாள் எலியறை வேலைக்குத் திரும்பியிருந்த, உங்கள் உதவியாள் கீர்த்திகன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பஞ்சு வைக்கக் கூடாதென்று அவனுக்குத் தெரியும். கதகதப்புக் கிடைத்த உடல் குளிருக்குப் பழகாது, ஆய்வு கெடும். அவன் ஒரு பிடி பஞ்சு வைத்தான்.

மறுநாட் காலை அதை நீங்கள் கண்ட அதே நேரம் பேராசிரியரும் கண்டார். யார் வைத்ததென்று கேட்டார். முந்திய மாலை முறை கீர்த்திகனுடையதென்று தெரிந்தும், நான்தான் என்றீர்கள்.

அந்தக் கூடு ஆய்விலிருந்து நீக்கப்பட்டது. பதிவேட்டில் பிழைக்கு நேரே உங்கள் பெயர் ஏறியது. கடைசி எட்டு மாதமும் உங்களை நடைபாதை துடைக்க விட்டார்கள்.

கீர்த்திகன் படிக்கட்டில் உங்களை மறித்தான்.

"ஏனக்கா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"இந்த மாசம் உன்ர ஒப்பந்தம் முடியுதெல்லே. அது போனா இஞ்ச இருக்கிற பெர்மெசோவும் போகும். எனக்கென்ன, எலியைவிட நிலம் நல்லம். கடிக்காது."

பஞ்சு ஏன் வைத்தாயென்று நீங்கள் கேட்கவில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. எட்டு மாதம் அவன் வாய் திறக்கவில்லை. நீங்கள் துடைத்த நடைபாதையால் நாளும் நடந்தான்.

நேற்று அவன் பேராசிரியரிடம் போய் உள்ளதைச் சொன்னான். அவர் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். அவனுடைய வேலை என்னவாகுமென்று திங்கட்கிழமை தெரியும்.

அக்கா, நோய் நொடியின்றி, பிள்ளைகள் சூழ, நெடுநாள் நிறைவாய் வாழுங்கள். பதிவேட்டில் உங்கள் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. பக்கத்தில் அவன் தன் பெயரை எழுதியிருக்கிறான்.

உங்களோடு வேலை செய்தோர்,
செலஸ்ரீனா, றொனி, கீர்த்திகன்
பலெர்மோ