ஒரே பெயரில் இரண்டு துண்டுகள்

கிரின்ஸ்டெட்டில் கார் இல்லாவிட்டால் ஒரு அலுவலும் நடக்காது. இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு நீங்களும் காரில்தான் வந்திருப்பீர்கள். பஸ் ஒன்று இருக்கிறது, ஆனால் அது தன் பாட்டுக்கு வரும், தன் பாட்டுக்குப் போகும். அதனால்தான் சேந்தனை உதைபந்துப் பயிற்சிக்குக் கொண்டுபோகிற வேலை என் தலையில் விழுந்தது. ஏழு வயதிலிருந்து பத்தொன்பது வயதுவரை, கிழமைக்கு நான்கு நாள், போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம். பனி கொட்டிய நாளிலும் அவன் பிந்திப் போனதில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு டெனிஷ் தெரியும். இருபத்துநான்கு வருடமாக இங்கே தொழிற்சாலையில் நிற்கிறவனுக்கு மொழிபெயர்க்க ஆள் தேவையில்லை. ஆனாலும் இதைத் தமிழில் சொல்லவே விருப்பம். டெனிஷில் சொன்னால் களவு, பொய் என்று இரண்டு சொல்லில் முடிந்துவிடும். மொழிபெயர்க்க வந்திருக்கும் இந்தியத் தங்கச்சிக்கு என் பேச்சில் ஏதாவது விளங்காவிட்டால் தாராளமாக நிறுத்திக் கேட்கட்டும். எனக்கு அவசரமில்லை.

சேந்தன் என் தம்பி சிவானந்தனின் மகன். எனக்குப் பிள்ளைகள் இல்லை. தம்பி சுனாமிக்குப் பிறகு, இயந்திரப் படகுகள் திருத்திக் கொடுக்கிறேன் என்று ஊருக்குப் போனவன். அங்கிருந்து வன்னிக்கு வேலைக்குப் போனான். யுத்தம் தொடங்கிப் பாதையைப் பூட்டினார்கள், உள்ளே அகப்பட்டுக்கொண்டான். டென்மார்க் பாஸ்போட் எடுடா என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். எடுக்கவில்லை. மனைவி தவமலர் இங்கே முதியோர் இல்லத்தில் வேலை. அவளுக்கு நேரம் மாறி மாறி வருவதால், தம்பி எடுக்கிற அழைப்பெல்லாம் என் வீட்டுத் தொலைபேசிக்குத்தான் வரும். நான்தான் அவளுக்கும் பொடியனுக்கும் செய்தி சொல்வேன். இது நான் திட்டமிட்டுச் செய்த ஏற்பாடு இல்லை.

இந்த வருடம் மாசியில் சேந்தனுக்கு அமெரிக்காவில் ஒரு தொழில்முறைக் கழகத்தில் இடம் கிடைத்தது. எங்கள் சனத்தில் அப்படிப் போன முதல் பிள்ளை அவன். கோயிலில் எல்லோருக்கும் கேசரி கொடுத்தேன். அன்றைக்கு நான் பட்ட சந்தோசத்தை என் கலியாணத்தன்றுகூடப் பட்டதில்லை. பத்தொன்பது வயதில் கொழும்பில் தெரிவு ஆட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டவர்கள். மட்டக்களப்பிலிருந்து புகையிரதம் ஓடாத கிழமை அது.

சம்பளத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்கா, தொழில்முறை என்றதும் மாளிகை, நீச்சல் குளம் என்று சனம் கதைத்தது. ஒப்பந்தத்தைப் பார்த்தது நான் மட்டும்தான். அந்த அணியின் பெரிய ஆட்டக்காரனுக்குக் கோடிக்கணக்கில். இளம் பிள்ளைகளுக்கு மாதம் ஆயிரத்துச் சொச்சம் டொலர். எங்கள் தொழிற்சாலையில் தரை கழுவுகிறவன் அதைப்போல் மூன்று மடங்கு எடுக்கிறான். எந்த நாளிலும் நிற்பாட்டலாம் என்ற வரியும் இருந்தது. இரண்டு அறையில் நான்கு பொடியன்கள். பின்னேரங்களில் பணக்காரப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்கிக் கைச்செலவு பார்த்தான். கைத்தொலைபேசியை வெட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொலைபேசி அட்டை ஒன்று வாங்கி என் வீட்டுக்கு எடுப்பான். தாய் வேலையில் இல்லாவிட்டால் வந்து பக்கத்தில் இருப்பாள். அநேகமாக அவளுக்கு ஞாயிறில் வேலை.

சித்திரையிலேயே அவன் தளரத் தொடங்கிவிட்டான்.

"பெரியப்பா, காலமையும் ஓட்ஸ், ராவும் ஓட்ஸ். இஞ்ச ஏலாது. அங்க பிரெடெரிசியாப் பக்கம் ஒரு கிளப் என்னைக் கேக்குது. இதைவிடக் கூடத் தருவினம்."

"கொஞ்சம் பொறு ராசா. ஒரு சீசன்."

களைத்துப்போனால் அவனுக்கு டெனிஷ்தான் வரும். மிச்சத்தை டெனிஷில் சொன்னான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியும், அங்கே விட்டுவிட்டு வந்து இங்கே மூன்றாம் தரக் கழகத்தில் விளையாடுவான், இரண்டு வருடத்தில் தொழிற்சாலையில் என் பக்கத்தில் வந்து நிற்பான். எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகள் அப்படி முடிந்ததைக் கண்டிருக்கிறேன். பசியால் ஒருவனும் கெட்டதில்லை. திரும்பி வர வீடு இருக்கிறது என்ற நினைப்புத்தான் அவர்களைக் கெடுத்தது.

மே மாதம் பதின்மூன்றாந் தேதி தம்பி கடைசியாக எடுத்தான். யாருடையதோ சட்டலைட் தொலைபேசி. ஒரு நிமிடம்கூட இருக்காது. அவன் என்ன சொன்னான் என்பதைப் பிறகு சொல்கிறேன். அடுத்த கிழமை யுத்தம் முடிந்துவிட்டது என்று இங்கே தொலைக்காட்சியிலும் சொன்னார்கள், கால்நடைச் செய்திக்கும் காலநிலைக்கும் நடுவில். இருபத்தெட்டாந் தேதி, வியாழக்கிழமை, குகநேசன் என்று ஒருவர் முகாமிலிருந்து எடுத்தார். தம்பியோடு ஒரே பதுங்குகுழியில் இருந்தவர். பதினைந்தாந் தேதி காலை செல் விழுந்தது, தன் கையாலேயே மண் போட்டதாகச் சொன்னார். நான் அவருக்கு நன்றி சொன்னேன். பிறகு குளியலறையைப் பூட்டிக்கொண்டு அழுதேன். அது நடிப்பில்லை, அவன் என் கூடப்பிறந்தவன். அழுது முடிந்து முகம் கழுவியபோது ஒன்று நினைவு வந்தது. மூன்று நாளில் ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிறு அவன் எடுத்தான். விமான ரிக்கெற் பார்த்துவிட்டானாம், வருகிறானாம். தகப்பன் செத்ததைச் சொன்னால் அன்றைக்கே விமானம் ஏறியிருப்பான். ஒரே பிள்ளை, கிரியை செய்ய வேண்டியவன். ஆகவே சொல்லவில்லை.

"அப்பா உயிரோட இருக்கிறார் மகனே," என்றேன். "முகாமுக்குள்ள. சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் உள்ளுக்க ஆக்களுக்குக் குடுக்கவேணும். உன்ர காசு போனாத்தான் அவர் வெளிய வரலாம். நீ இப்ப வந்து நிண்டா ஆர் அனுப்புறது?"

மாதம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டான். பிறகு, "ஓம் பெரியப்பா," என்றான். ரிக்கெற்றை வாங்கவில்லை.

மாதம் நானூறு டொலர் அனுப்பினான். மேசையில் நீங்கள் வைத்திருக்கிற உறைக்குள் எல்லாம் அப்படியே இருக்கிறது, எண்ணிப் பார்த்திருப்பீர்கள். எனக்குக் காசு தேவையில்லை. அவனுக்குத்தான் ஒரு தேவை தேவைப்பட்டது. அதற்குப் பிறகு அவன் ஆடிய ஆட்டத்தைப் பயிற்றுநரே புகழ்ந்தாராம். நான் செய்தது பிழை என்றால் அது எப்படி நடந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

தவமலருக்கும் அதைத்தான் சொன்னேன். அவள் செஞ்சிலுவைச் சங்கத்தில் பெயர் கொடுக்கப் போவதாக நின்றாள். பெயர் கேட்டுத் திரிந்தால் ஆமிக்காரர் தம்பியைத் தனியாகப் பிரித்துக் கொண்டுபோய்விடுவார்கள் என்றேன். பிறகு கேட்கவில்லை. நெற்றியில் குங்குமத்தோடுதான் வேலைக்குப் போய் வந்தாள். அதைப் பார்க்க எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

நான் பிடிபட்டது ஆடி அமாவாசையில். இதைத் தங்கச்சி உங்களுக்குச் சரியாக விளங்கப்படுத்த வேண்டும். தகப்பன் இல்லாதவர்கள் அன்றைக்கு விரதமிருந்து, செத்தவர்களின் பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைப்போம். மட்டக்களப்பில் மாமாங்கத் தீர்த்தத்தில் சனம் நிரம்பி வழியும் நாள். இங்கே கோயிலில் ஒரு பிளாஸ்ரிக் வாளியும் தாம்பாளமும் வைத்துச் செய்கிறோம். என் தகப்பனுக்கு நான் ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. பெயரையும் நட்சத்திரத்தையும் துண்டில் எழுதி ஐயரிடம் கொடுக்க வேண்டும். அப்பா பெயர், பாட்டன் பெயர், பூட்டன் பெயர் எழுதினேன். பேனையை மூட மனம் வரவில்லை. என் தம்பிக்கு இந்த உலகத்தில் ஒருவரும் ஒரு சொட்டுத் தண்ணீர் இறைக்கவில்லை. அவன் பெயரையும் எழுதினேன்.

ஐயர் துண்டை வாங்கிப் பார்த்தார். வாளி பக்கத்தில் பதினைந்து பேராவது நின்றார்கள்.

"இதென்ன, சிவானந்தன், அத்த நட்சத்திரம்? இப்பத்தானே உள்ளுக்க இந்தப் பேருக்கு ஆயுள் வேண்டி அருச்சனை செய்தனான்," என்றார்.

தவமலர் அன்றைக்கு வேலைக்கு விடுப்பு எடுத்து வந்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. அருச்சனைத் தட்டோடு தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். தட்டு கீழே விழவில்லை, அவள் கத்தவும் இல்லை. தட்டை நிலத்தில் வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"எப்ப அத்தான்?"

"மே பதினைஞ்சு."

"என்ர பிள்ளைக்கு இப்பவே சொல்லுங்கோ. அவன் வரட்டும்."

அன்றைக்குப் புதன்கிழமை. அதற்கு முந்திய ஞாயிறு சேந்தன் இரண்டு விசயம் சொல்லியிருந்தான். வருகிற சனிக்கிழமை அவனை முதன்முதலாகப் பெரிய அணியில் இறக்குகிறார்கள். மற்றது, வலது கணுக்கால் வீங்கியிருக்கிறது, காலை ஊன்ற முடியவில்லை. வைத்தியரிடம் சொன்னால் காயக்காரன் என்று எழுதி ஒப்பந்தத்தை வெட்டிவிடுவார்கள் என்று பயந்தான். வெளியே எங்கேயாவது நோ தெரியாமல் இருக்க ஊசி போட்டுக்கொண்டு ஆடு, அப்பாவை நினைத்துக்கொள் என்று நான் சொல்லியிருந்தேன்.

கழகத்தின் தொலைபேசி இலக்கம் என் மேசை இழுப்பறையில் இருந்தது. தவமலரிடம் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து, கழகத்துக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லிவிட்டதாக அவளிடம் சொன்னேன். பயிற்சியில் நிற்கிறானாம், செய்தியைக் கொடுப்பார்களாம் என்றேன். வியாழன் அவள் மூன்று தரம் வந்தாள். வெள்ளி அவள் வந்து என் வாசற்படியில் இருந்துவிட்டாள். வேலைக்கும் போகவில்லை.

"ஏன் அத்தான் அவன் எடுக்கேல்ல? அவனுக்கு என்னவும் நடந்திட்டுதோ?"

"நாளைக்கு எடுப்பான். தேத்தண்ணி குடி," என்றேன்.

இழுப்பறையை நான் திறக்கவில்லை. இரண்டு தரம் கை போனது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பன்னிரண்டு வருடம் நான் ஓட்டிய ஓட்டம் ஒரு சனிக்கிழமையில் வந்து நின்றது. செத்தவன் மூன்று நாள் கழித்தும் செத்தவன்தான். ஆட்டம் மூன்று நாள் கழித்து வராது.

இருபத்திரண்டு நிமிடம் ஆடினான். கணினியில் பார்த்தேன், படம் நின்று நின்று வந்தது. முதல் பத்து நிமிடத்தில் அவன் இடது காலால் தூக்கிக் கொடுத்த பந்து ஒன்று, நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிறகு ஒருவன் மோதினான், வலது கால் கீழே மடிந்தது. ஊசி போட்டிருந்ததால் முறிந்தது தெரியாமல் எழுந்து நான்கு அடி ஓடியிருக்கிறான். அந்த நான்கு அடிதான் கணுக்காலை நொறுக்கியது என்று வைத்தியர் சொன்னாராம். சத்திரசிகிச்சைக்குக் காப்புறுதி கொடுத்தது. அடுத்த கிழமை ஒப்பந்தத்தை வெட்டினார்கள்.

பில்லுண்ட் விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தாய் அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவன் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"கடைசியா அப்பா என்ன சொன்னவர்?"

"பந்தை விடவேண்டாம் எண்டு சொன்னவர்," என்றேன்.

இதை மட்டும் உங்களுக்குச் சரியாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்டீர்கள், நான் கையெழுத்துப் போடப்போகிறேன். தம்பி பின்னால் வெடிச்சத்தம் கேட்கக் கேட்கச் சொன்னது இதுதான்: "அண்ணை, நான் வரமாட்டன். பொடியனை பந்தை விட்டிட்டு வந்து தாயோட இருக்கச் சொல்லு. இண்டைக்கே சொல்லு." நான் ஓம் என்றேன். அவன் அதை நம்பித்தான் தொலைபேசியை வைத்தான். பொடியன் தகப்பனின் சொல்லைக் கேட்டிருந்தால் காலோடு வந்திருப்பான். சொல்லைக் கொண்டுபோகாமல் வைத்தவன் நான். கிரியை செய்ய விடாமல் வைத்தவனும் நான். அந்தக் காலை முறித்ததும் நான் என்று எழுதுவதானால் எழுதுங்கள், மறுக்கமாட்டேன். ஆனால் தம்பி சொன்ன அந்த வசனத்தைச் சேந்தனுக்குக் காட்டவேண்டாம். அவனுக்கு மனம் விட்டுப்போகும். இந்த நேரத்தில் அது நல்லதில்லை.

தாயும் மகனும் இப்போது ரண்டர்ஸில் அவளுடைய சகோதரி வீட்டில் இருக்கிறார்கள். என்னோடு கதைப்பதில்லை. கணுக்கால் இனி மடியாது என்கிறார்கள். வைத்தியர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவன் பிறப்பிலேயே இடது காலன், இடது காலில் ஒரு குறையும் இல்லை. ரண்டர்ஸுக்கு வெளியே ஒரு சின்னக் கழகம் இருக்கிறது, அவன் பெயரில் கடிதம் போட்டிருக்கிறேன். பதில் என் விலாசத்துக்குத்தான் வரும், வந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள். என் கார்ச் சாவியையும் கவனமாக வைத்திருங்கள். அந்தப் பக்கமும் பஸ் குறைவு, யாராவது அவனைக் கொண்டுபோய் விடத்தானே வேண்டும்.