சுற்றிப் போன ஆர்வோ ரந்தலா

மேடையில் வீற்றிருக்கும் நகரத் தலைவர் பெட்டிக்ரூ அவர்களே, ஜெபத்தைச் சுருக்கமாக முடித்து எங்களைக் காப்பாற்றிய போதகர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் ஆர்வோவின் மனைவி ஐரீன், மகன் ரெய்னோ, பனிக்கட்டியில் கல் தள்ளி விளையாடும் இந்தக் கர்லிங் மன்றத்தில் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டிருக்கும் ஊர் மக்களே! உங்கள் அனைவருக்கும் இந்த நோர்மாவின் வணக்கம்.

அடேயப்பா, ஒரு இரங்கல் நிகழ்வுக்கு எவ்வளவு கூட்டம்! ஆர்வோ ரந்தலா உயிரோடு இருந்தபோது கூட்டிய கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தீர்கள்? ஆற்றுப் பாலத்தைத் தான் ஏன் பூட்டினார் என்று சொல்வதற்காக, துருப்பிடித்த தகடுகளின் படங்களை மாட்டிவைத்து இதே மண்டபத்தில் நின்றாரே! அன்று வந்தவர்கள் நான், ஐரீன், காவலாளி. காவலாளியும் விளக்கணைக்கத்தான் வந்தார். இன்று ஹாம் சாண்ட்விச் உண்டு, காபி உண்டு. வந்துவிட்டீர்கள். நல்லது, சாப்பிட்டுவிட்டே போங்கள்.

பொறியாளர் ஆர்வோ ரந்தலாவோடு இந்த மாவட்டத்தின் சாலைகளையும் பாலங்களையும் கவனித்துக்கொண்டு ஆயுளில் பாதியைக் கழித்தவள் நான். சுவாரசியமான மனிதர் என்று பொய் சொல்ல மாட்டேன். அவரோடு ஒரு மணி நேரம் காரில் போனால் நமக்கு ஒரு வயது கூடிவிடும். பேசினால் மழைநீர் வடிகால் பற்றிப் பேசுவார், இல்லையென்றால் ஐரீனைப் பற்றிப் பேசுவார். மதியம் மணி அடித்தால் போதும், மனைவியோடு சூப் குடிக்க வீட்டுக்கு ஓடுவார். முதல் பிள்ளை பிறக்கப் போகிறது என்று தொட்டில் செய்தார். ஒரு மூஸ் மான் ஏறிப் படுத்தாலும் அசையாது!

"என்ன ஆர்வோ, பொறக்கப்போறது புள்ளையா, எருமையா?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "புள்ளை எடை எனக்குத் தெரியும் நோர்மா. கொஞ்ச வர்றவங்க எல்லாம் தொட்டில் மேல சாய்வாங்களே, அவங்க எடை யாருக்குத் தெரியும்?" என்றார். அப்படிப்பட்ட மனிதர்.

அந்த மனிதர் பாலத்தைப் பூட்டினார். குளிர்காலத்தில் பனி உருக நாம் சாலையில் கொட்டும் உப்பு, பாலத்தின் அடியில் இருந்த இணைப்புத் தகடுகளைத் தின்று தீர்த்திருந்தது. ஆனால் நீங்கள் என்ன சொன்னீர்கள்? வேட்டைக்காரர்கள் வரவில்லை என்றீர்கள். வியாபாரம் படுத்துவிட்டது என்றீர்கள். 'மிஸ்டர் முடியாது' என்று பெயர் வைத்தீர்கள். கிறிஸ்துமஸ் ஊர்வலத்தில் அட்டையில் பாலம் கட்டி, அதன் நடுவில் ஆர்வோ பொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டு இழுத்துக்கொண்டு போனீர்களே! அந்த வண்டியில் நின்று மிட்டாய் வீசியவர் யார்? பெட்டிக்ரூ அவர்களே, நெளியாதீர்கள், நாற்காலி பழசு. தெருவோரம் உங்கள் பிள்ளைகளுக்குச் சுடச்சுடச் சாக்லேட் பானம் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தது இந்த ஐரீன்தான்.

இனி நீங்கள் ஒரு மாதமாகக் கடைகளில் கிசுகிசுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ரெய்னோ என் சமையலறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். "ஊருக்குச் சொல்லட்டுமா?" என்றேன். "கடைசி வரிசைக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க" என்றான்.

அன்று மதியம், சூப் மேசையில் ஆர்வோவுக்கு நெஞ்சுவலி. வந்த ஆம்புலன்ஸை ஓட்டியவன் அவர் மகன் ரெய்னோ. அன்று அவனுடைய முறை. பின்னால் படுக்கையில் அப்பா, அவர் கையைப் பிடித்தபடி அம்மா. வண்டி பாலத்தடிக்கு வந்தது. எதிர்க்கரையில் மருத்துவமனை கண்ணுக்குத் தெரிகிறது. நடுவில் பூட்டிய இரும்புக் கதவு. அணைக்கட்டு வழியாகச் சுற்றினால் முக்கால் மணி நேரம். கதவின் சாவியோ ஆர்வோவின் சட்டைப் பையில்!

"அப்பா, சாவியைக் குடுங்கப்பா. ஒரே ஒரு தடவை!"

"எல்லாருமே ஒரே ஒரு தடவைன்னுதாண்டா கேக்குறாங்க."

"குடுத்துடுங்க ஆர்வோ, உங்க கால்ல விழறேன்" என்றாள் ஐரீன்.

அவர் பையின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டார். "சுத்திப் போடா" என்றார். அணைக்கட்டு வரைக்கும்தான் அவருக்கு உயிர் இருந்தது.

இதைக் கேள்விப்பட்டு இந்த ஊர் என்ன சொன்னது? 'அவன் பூட்டே அவனுக்கு எமன்' என்றது. 'பெண்டாட்டி பிள்ளையைவிடப் பாலம்தான் பெரிசு அவனுக்கு' என்றது. சிரித்தவர்களும் உண்டு. பெயர் சொல்லட்டுமா? வேண்டாம், வாயில் சாண்ட்விச் இருக்கிறது.

"ஆம்புலன்ஸைப் பாலம் தாங்கியிருக்குமா?" என்று எல்லோரும் என்னைக் கேட்கிறீர்கள். ரெய்னோவும் கேட்டான். தாங்கியிருக்காது என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பிள்ளை இன்றைக்காவது தூங்குவான். என்னால் சொல்ல முடியவில்லை. அநேகமாகத் தாங்கியிருக்கும். பத்துக்கு ஒன்பது முறை தாங்கியிருக்கும். என்னை மன்னித்துவிடு ரெய்னோ. உன் அப்பாவுக்கும் இந்தக் கணக்கு தெரியும். மூச்சு முட்டிக் கிடந்தபோதும் தெரியும்.

தெரிந்தும் ஏன் சாவியைத் தரவில்லை? பிடிவாதமா? ஊரே, நன்றாகக் கேட்டுக்கொள்! ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தது யார்? அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார்? அந்தப் பத்தாவது முறைக்கு அவர் தன் உயிரைக் கொடுப்பார். பிள்ளையைக் கொடுப்பாரா? பெண்டாட்டியைக் கொடுப்பாரா?

போன வாரம் நகரத் தலைவர் என்னை அழைத்துத் தன் விடுதியில் ஆப்பிள் கேக் கொடுத்தார். "நோர்மா, இப்ப பொறியாளர் நீதான், உன் கையெழுத்து ஒண்ணு போதும், பாலத்தைத் தொறந்துடலாம். ஆர்வோ பேரையே வெச்சிடுவோம். ஜனங்களுக்கும் மனசு ஆறும்" என்றார். இன்று இந்த மேடையில் நானே அதை அறிவிக்க வேண்டுமாம்!

என் சுண்டுவிரலில் இருக்கும் இந்த இரும்பு மோதிரத்தைப் பாருங்கள். இந்த நாட்டில் படித்து முடித்த பொறியாளர்கள் வேலை செய்யும் கையில் போட்டுக்கொள்வது. ஒவ்வொரு கையெழுத்தின்போதும் காகிதத்தில் உரசும், பொறுப்பு நினைவிருக்கட்டும் என்று. ஆர்வோவின் மோதிரம் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. அதை அவர் விரலிலேயே விட்டு அடக்கம் செய்தோம். சாவியை ஐரீன் என் கையில் கொடுத்தாள்.

ஆகவே அறிவிக்கிறேன். பாலத்துக்கு அவர் பெயரை வையுங்கள், தாராளமாக வையுங்கள். புதிய தகடுகள் ஏறும்வரை கதவு பூட்டியே இருக்கும். நான் செத்தால் அடுத்த பொறியாளர் பூட்டுவார். அதற்குமுன் திறந்தே ஆகவேண்டும் என்பவர்கள் இப்போதே மேடைக்கு வாருங்கள், சாவி தருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. வண்டியை ஓட்டப்போவது உங்கள் பிள்ளை, நீங்கள் கரையில் நின்று பார்க்க வேண்டும்.

வாருங்கள், காத்திருக்கிறேன்.

பெட்டிக்ரூ அவர்களே, உங்கள் மகளுக்கு வண்டி ஓட்டத் தெரியுமே?

யாரும் எழுந்திருக்கவில்லை. சரி, சாவி என் பையிலேயே இருக்கட்டும். வீட்டுக்குச் சுற்றியே போங்கள்.