ஹேமந்தின் ஷூவைப் பார்த்துக்கொண்ட விதம்

எங்கள் ஆம்பூரில் யாராவது பர்ஸோ பெல்ட்டோ பரிசாகக் கொடுத்தால், நன்றி சொல்வதற்கு முன் அதை மோந்து பார்ப்போம். மரியாதைக் குறைவு இல்லை ஐயா, தோல் தொழில் அப்படி. ஷூ கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனில் இருக்கிற எனக்கு மூக்கு கொஞ்சம் ஜாஸ்தியாகவே வேலை செய்யும். நீங்கள் ஜெயில் வார்டராக இருந்து ரிடயர் ஆனவர், எத்தனையோ பேர் தங்கள் கதையைச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதனால் உங்கள் மூத்த மாப்பிள்ளை ஹேமந்த் மேடையில் விழுந்ததைப் பற்றி முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். டைனிங் ஹாலில் கூட்டமும் இப்போது கம்மி.

ஹேமந்தும் நானும் ஒரே பெஞ்சில் படித்து, ஒரே கம்பெனியில் சேர்ந்தவர்கள். அவன் பிறந்தநாளுக்கு வருஷா வருஷம் என் கையால் தைத்த ஷூதான். அவன் இடது கால் வலதை விடக் கொஞ்சம் பெரிது. அது அவனைப் பெற்றவளுக்கே தெரியாது, எனக்குத் தெரியும்.

கல்யாணமான பிறகு வந்த முதல் பிறந்தநாளுக்கும் ஷூவோடுதான் அவர்களுடைய சத்துவாச்சாரி வீட்டுக்குப் போனேன். உங்கள் மகள் நந்தினி காபி கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

“அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே எது குடுத்தாலும் எங்க ரெண்டு பேருக்கும் சேத்து குடுங்க. ஷூ, பெல்ட்டெல்லாம் அவருக்கு நானே வாங்கிக்கிறேன்.”

ஹேமந்த் காபியை ஆற்ற ஆரம்பித்தான்.

நியாயமான பேச்சு. கல்யாணமான சிநேகிதனுக்குப் பரிசு கொடுக்க ஒரு வரைமுறை வேண்டும்தான். நானும் அப்படியே நடந்தேன். சுவர்க்கடிகாரம் கொடுத்தேன், ஹாட்பாக்ஸ் கொடுத்தேன். ஹாட்பாக்ஸைக் காலில் மாட்டிக்கொண்டு யாரும் என்னை நினைக்கப் போவதில்லை, ஆனாலும் கொடுத்தேன். வயிறு எரிந்தது, அதை மறைக்கவில்லை.

இன்று உங்கள் சின்ன மகள் எழிலரசியின் ரிசப்ஷனுக்காக நந்தினி அவனுக்குப் புது ஷூ வாங்கியிருந்தாள். சாயங்காலம் எல்லோரும் கோயிலுக்குள் போனீர்கள். நான் சர்ச்சுக்குப் போகிறவன், வெளியே நின்றேன். “ஜோசுவா, ஷூவைப் பாத்துக்கடா” என்று சொல்லிவிட்டு ஹேமந்த் உள்ளே போனான். பார்த்துக்கொண்டேன்.

முதலில் மோந்து பார்த்தேன். சந்தேகம் வந்தது. உள்பக்க ஓரத்தில் நூல் அளவுக்குக் கிள்ளித் தீக்குச்சியில் காட்டினேன். தோலாக இருந்தால் முடி கருகுகிற வாசனை வரும். இது பிளாஸ்டிக் வாளி மாதிரி உருகியது. ரெக்ஸின், ஐயா. ஆம்பூர்க்காரன் காலில் ரெக்ஸின்.

அடுத்து, ஒட்டு எப்படி என்று பார்ப்பதுதான் முறை. என் வண்டிப் பெட்டியில் ஒட்டைக் கரைக்கிற தின்னரும் கட்டரும் எப்போதும் இருக்கும். ஒரு ஷூவின் அடிப்பக்க சோலைக் கழற்றினேன். கழற்றியதை அப்படியே விட்டுவிட நான் பொறுப்பில்லாதவன் இல்லை. பக்கத்துக் கடையில், பிள்ளைகள் நோட்டில் படம் ஒட்டுகிற பசைதான் கிடைத்தது.

வேறு இல்லையா என்று கேட்டால், இருந்தது. ஷூ ஒட்டுகிற கம்பெனி சொல்யூஷன் ஒரு டப்பா வண்டியிலேயே இருந்தது. அதை வைத்தால் சோல் ஜென்மத்துக்கும் போகாது. படம் ஒட்டுகிற பசை மேடை ஏறும்வரை தாங்கும், இறங்கும்வரை தாங்காது.

மேடையில் சோல் பிய்ந்தபோது அவன் குத்துவிளக்குப் பக்கம் சாயாமல் கேக் பக்கம் சாய்ந்தது ஆண்டவர் கிருபை. சம்பந்தியம்மா பட்டுப்புடவையில் கிரீம் பட்டதற்கு வருத்தப்படுகிறேன். வீடியோக்காரர் அதைப் பெரிய திரையில் மெதுவாக ஓடவிட்டுத் திரும்பத் திரும்பக் காட்டியதில் எனக்குப் பங்கு இல்லை.

ஒற்றை ஷூவோடு அவன் நின்றதும் வண்டிக்கு ஓடிப்போய் இந்தப் பெட்டியைக் கொண்டுவந்தேன். உள்ளே நான் தைத்த ஷூ, அசல் தோல். இடது கால் அரை சைஸ் கூட. நந்தினி சொன்ன வரைமுறையை நான் மீறவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். இது பரிசு இல்லை, கால் வெறுமையாக நிற்கிறவனுக்கு உதவி.

அவன் வாங்கவில்லை. மிச்சமிருந்த ஷூவையும் கழற்றிப் போட்டான். நந்தினியும் தன் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டு பேரும் வெறுங்காலோடு, சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தின்னர் வாசனை கண்ணுக்கு ஆகாது.

பெட்டியைச் சுற்றிக் கலர் பேப்பர் எதற்கு என்கிறீர்கள். தூசு படாமல் இருக்கத்தான். ரிப்பனில் செருகிய அட்டையில் ஹேமந்த் பெயர் மட்டும் ஏன் இருக்கிறது என்கிறீர்கள்.

அட்டை சின்னது, ஐயா.