ஆயில் சரியானதுதான்

பழைய இன்ஜினுக்கு எந்த ஆயில் நல்லது என்று கேட்டவுடனே ஒரு பெயரைச் சொல்கிறவனை நம்பாதீர்கள். அந்த இன்ஜினுக்கு என்ன வயது, இத்தனை நாள் எதைக் குடித்து வளர்ந்தது, புகை என்ன நிறத்தில் வருகிறது, ஒரு தடவை கடலுக்குப் போய் வந்தால் எவ்வளவு ஆயில் குறைகிறது, இதையெல்லாம் முதலில் கேட்க வேண்டும். இந்த விபத்தை விசாரிக்கிற நீங்கள் எதையும் கேட்கவில்லை ஐயா. 'தவறான ஆயில் ஊற்றியதால் இன்ஜின் பழுதானது' என்று தட்டச்சு செய்து, கீழே என் பெயரையும் போட்டு, கையெழுத்துக்கு நீட்டிவிட்டீர்கள். அதனால்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

என் பெயர் அலெக்ஸாண்டர். வயது அறுபத்தொன்று. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் லாஞ்சு இன்ஜின் மெக்கானிக். உடைந்துபோன 'அமலி' லாஞ்சின் ஓனர் ஜேக்கப் என் தங்கை ரெஜினாவின் புருஷன். அந்த இன்ஜினை இருபத்தாறு வருஷமாக நான்தான் பார்த்துக்கொண்டேன். வேறு யார் கை வைத்தாலும் அது இருமும் என்று வார்ப்பில், அதுதான் எங்கள் படகுத்துறையில், பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே நான்தான் என்றும் பேசிக்கொள்வார்கள். இரண்டும் உண்மைதான்.

அதற்கு எப்போதும் நாற்பது நம்பர் ஆயில்தான் ஊற்றுவேன். கெட்டியான, பழைய காலத்துச் சரக்கு. தேய்ந்த இன்ஜினில் பாகங்களுக்கு நடுவே இடைவெளி விழுந்திருக்கும். கெட்டி ஆயில் அந்த இடைவெளியில் நின்று தாங்கும். அதில் ஒரே ஒரு குறை, கசடைக் கழுவாது. கசடு அடியில் படிந்துகொண்டே போகும். இப்போது வருகிற மல்டிகிரேடு ஆயிலில் கழுவுகிற மருந்து கலந்திருக்கிறார்கள். நல்ல ஆயில்தான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வருஷக்கணக்கில் கசடு சேர்ந்த வயிற்றில் அதை அப்படியே ஊற்றினால் கசடு பெயர்ந்து மிதக்கும். ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு சல்லடை இருக்கிறது. அதில் போய் அப்பிக்கொள்ளும். ஆயில் மேலே ஏறாது. இரும்பும் இரும்பும் உரசி, சூட்டில் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அதைத்தான் ஜாம் என்கிறோம்.

இதெல்லாம் எனக்குத் தெரியும் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

தடைக்காலத்தில்தானே எல்லா லாஞ்சையும் பிரித்து மேய்வோம். கடலுக்குப் போகக் கூடாத அந்த அறுபத்தொரு நாளில்தான் எங்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. இந்த வருஷம் ஜேக்கப் தண்டையார்பேட்டையிலிருந்து ஃபர்ஹானைக் கூட்டிக்கொண்டு வந்தான். லாரி இன்ஜின் பார்க்கிற பையன். பையன் என்றால் முப்பது வயது, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். மரியாதை தெரிந்தவன். என்னைப் பார்த்ததும் சலாம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே இறங்கினான். ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திருப்பி, அதன் வெள்ளைப் பக்கத்தில் இன்ஜினிலிருந்து ஒரே ஒரு சொட்டு ஆயிலை வைத்து வெயிலில் காட்டினான். சொட்டு பரவியது. நடுவில் கறுப்பாக ஒரு வட்டம் நகராமல் நின்றது.

"உள்ள கசடு ஜாஸ்தியா கீது நைனா" என்றான். என்னிடம்தான் சொன்னான், மெதுவாகத்தான் சொன்னான். ஜேக்கப்தான் பத்திரிகையைப் பிடுங்கி எல்லோருக்கும் காட்டினான்.

"இருவத்தாறு வருஷமா மச்சான் நம்பள கசட்டுலதான் ஓட்டிகினு கீறாரு" என்று சொல்லிச் சிரித்தான். லாஞ்சின் டிரைவர் தேசப்பன் சிரித்தான். வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். அழ முடியுமா.

ஃபர்ஹான் மட்டும் சிரிக்கவில்லை. "மல்டிகிரேடு போட்லாம் நைனா. ஆனா அதுக்கு முன்னாடி சைடு மூடிய தொறந்து சல்லடய கழுவியே ஆவணும். கழுவாம ஊத்துனா பேஜாரு. எனக்கு இந்த இன்ஜினு புச்சு. உங்க கைதான் உள்ள போவும்" என்றான். சரியான யோசனை. நானே சொல்லியிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. தப்பாகச் சொல்லியிருந்தால் திருத்திவிட்டு, அன்றோடு மறந்திருப்பேன்.

மறுநாள் மூடியைத் திறந்தேன். எட்டு போல்ட். முழங்கை வரை கையை உள்ளே விட்டேன். சல்லடை விரலுக்குத் தட்டுப்பட்டது. பிறகு கையை எடுத்துத் துடைத்துக்கொண்டு, மூடியை மாட்டி, எட்டு போல்ட்டையும் முறுக்கினேன். மேலே வந்து "ஆச்சு" என்றேன். ஃபர்ஹான் வாங்கி வந்த ஆயிலை என் கையாலேயே ஊற்றினேன். மூன்று நாள் காலையில், கரையில் கட்டியபடியே அரை அரை மணி நேரம் ஓடவிட்டேன். புது ஆயில் நன்றாகப் பழகட்டும் என்றேன். அது நன்றாகவே பழகியது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. இன்ஜினை மூடியவன்தான் வெள்ளோட்டத்தில் கூடப் போக வேண்டும். இன்ஜின் பக்கத்தில் நின்றுகொண்டே போய் வர வேண்டும். எழுதி வைக்காத சட்டம், ஆனால் யாரும் மீறியதில்லை. அன்றைக்கு எனக்கு முழங்கால் வலி. ஜூன் மாதத்தில் வலிக்கும், ரெஜினாவைக் கேட்டுப் பாருங்கள், அவள்தான் தைலம் தேய்த்துவிட்டாள். "ஆயில் சொன்னவரே போவட்டுமே" என்று சொன்னேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். ஃபர்ஹான் சந்தோஷமாக ஏறினான். அவனுக்கு அது பெரிய கௌரவம்.

என் மனதில் இருந்தது இவ்வளவுதான். இன்ஜின் கடலில் நிற்கும். இன்னொரு லாஞ்சு கயிறு போட்டு இழுத்து வரும். வார்ப்பே வேடிக்கை பார்க்க, அந்தக் கல்யாணப் பத்திரிகைக்காரன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்குவான். காசிமேட்டில் யாருடைய லாஞ்சு நின்றாலும் அதுதான் நடக்கும். பக்கத்தில் யாராவது இருப்பார்கள். நாற்பது வருஷமாக அப்படித்தான் பார்த்திருக்கிறேன். தடை முடிய இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, கடலில் ஒரு லாஞ்சும் கிடையாது, கரையில் இருப்பதெல்லாம் இன்ஜினைப் பிரித்துப் போட்டுக் கிடக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அதில் பாதி இன்ஜினைப் பிரித்ததே நான்தான்.

ஃபாதர் மந்திரித்துத் தண்ணீர் தெளித்தார். பத்து மணிக்குக் கிளம்பினார்கள். ஜேக்கப், தேசப்பன், ஃபர்ஹான், மூன்றே பேர். ஒரு மணி நேரத்து வெள்ளோட்டம்தானே என்று வலை, நங்கூரம், கயிறு எல்லாம் கரையிலேயே கிடந்தது. எல்லோரும் செய்கிற காரியம்தான், ஜேக்கப்பை மட்டும் குறை சொல்ல முடியாது.

பதினொன்று இருபதுக்கு என் போன் அடித்தது.

"மச்சான், ஆயில் பிரஷர் முள்ளு எறங்கிகினே கீது. ஃபர்ஹான் நிறுத்துன்றான். நீ இன்னா சொல்ற?"

ஐயா, அந்த நேரத்தில் என் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் ரெஜினா. ஒரு பக்கம் ஃபாதர். சுற்றி இருபது பேர். 'நிறுத்து, மூடியைத் திற, சல்லடையைக் கழுவு' என்று சொன்னால் போதும். ஃபர்ஹானே கழுவியிருப்பான். ஆனால் அப்படிச் சொன்னால், நீதானே கழுவினாய் என்று ஜேக்கப் கேட்பான். இருபது பேர் முன்னால் நான் என்ன பதில் சொல்வது. இப்படி ஒரு இக்கட்டு யாருக்கும் வரக் கூடாது.

"கேஜு பழசு. ஓட்டு" என்றேன்.

அவன் ஓட்டினான். என் பேச்சை அவன் ஒருநாளும் தட்டியதில்லை.

பத்து நிமிஷத்தில் மறுபடியும் போன். "ஜாம் ஆயிட்ச்சு மச்சான்." பின்னால் ஃபர்ஹான் ஏதோ கத்துவது கேட்டது. நான் சொன்னேன், "சூடு ஆறட்டும், ஆறுனா சுத்தும். நீ லாஞ்ச வுட்டுட்டு வராத." ஜாம் ஆன இன்ஜின் ஆறினாலும் சுற்றாது. அது எனக்குத் தெரியும். ஆனால் எதையாவது சொல்ல வேண்டியிருந்தது. போனை ரெஜினா வாங்கினாள். அதற்குள் சிக்னல் போய்விட்டது.

உடனே அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னோம், அவர்களும் கிளம்பினார்கள், ஆனால் நேரத்துக்கு வந்து சேரவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்குத் தென்காற்று எழுந்தது. ஜூனில் நீரோட்டமும் வடக்கேதான் இழுக்கும். நாங்கள் ஆட்டோ பிடித்துக் கரையோரமாகவே போனோம். திருவொற்றியூரில் கற்கள் போட்ட இடத்தில் ஏறி நின்றபோது லாஞ்சு தெரிந்தது. பக்கவாட்டில் ஆடிக்கொண்டு, எங்களைக் கடந்து, எண்ணூர் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஃபைபர் படகுக்காரர்கள் இரண்டு பேர் துணிந்து போனார்கள். அவ்வளவு பெரிய லாஞ்சை அந்தக் காற்றில் அவர்களால் இழுக்க முடியாது, ஆளை ஏற்றத்தான் முடியும். ஃபர்ஹான் குதித்தான், தோள் எலும்பு உடைந்தது, அவனை எடுத்துவிட்டார்கள். ஜேக்கப்பும் தேசப்பனும் இன்ஜின் குழியில் இருந்தார்கள். கூப்பிடக் கூப்பிட, "ஆறிடும், ஆறிடும், மச்சான் சொல்லிகிறாரு" என்று ஜேக்கப் சொன்னதாக அந்தப் படகுக்காரர் சொன்னார்.

ரெஜினா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "எதுனா பண்ணு அண்ணா, எதுனா பண்ணு" என்றாள். கரையில் நிற்கிறவன் என்ன செய்ய முடியும். வாய்விட்டு அழுதேன். பொய்யில்லை, அங்கே இருந்தவர்களைக் கேளுங்கள். கடல் அவர்களைக் கொண்டுபோய்ச் சற்றுத் தள்ளியிருந்த கல்லில் வைத்து மூன்று தடவை இடித்தது. மூன்றாவது தடவைக்குப் பிறகு பலகைதான் மிதந்தது.

ஜேக்கப்பைக் காசிமேட்டுக் கல்லறையில் வைத்தோம். தேசப்பனை மூலக்கொத்தளம் மயானத்தில் புதைத்தார்கள். இரண்டுக்கும் போனேன். ரெஜினா இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். காலையில் டீ போட்டுக் கையில் கொடுத்துவிட்டு, தினமும் ஒரே கேள்வியைக் கேட்கிறாள். "அவரு கடசியா உன்னாண்ட இன்னா சொன்னாரு அண்ணா?" பயப்படவில்லை என்று சொன்னான் என்கிறேன். டீயைக் குடித்துவிடுகிறேன், அவள் பார்த்துக்கொண்டே நிற்கிறாள்.

ஃபர்ஹானை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நைனா, சல்லடய நீங்க கழுவினீங்க இல்ல?" என்றான்.

"கழுவினேன் தம்பி."

"அப்போ என் ஆயிலுதான்" என்று சொல்லிவிட்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் என்னைச் சந்தேகப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். அன்றிலிருந்து அவன் கடை திறக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

இன்று காலை அவன் இங்கே வந்து, 'தவறான ஆயிலைச் சொன்னது நான்தான்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அந்தக் காகிதத்தை நீங்கள் காட்டினீர்கள். நான் பேசுவதற்கு அதுதான் காரணம். அவன் மேல் உள்ள இரக்கம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், இரக்கமும் உண்டுதான். ஆனால் இந்தத் தொழிலில் நாற்பது வருஷம் இருந்துவிட்டு, ஆயில் விஷயத்தில் பொய்யான காகிதத்தில் கையெழுத்துப் போட என் கை வரவில்லை. ஆயில் சரியானதுதான். சல்லடையைக் கழுவிவிட்டு ஊற்றியிருந்தால் அந்த இன்ஜின் இன்னும் பத்து வருஷம் ஓடியிருக்கும். அன்றைக்குக் கை விட்டபோதே சல்லடை முழுக்கக் கசடு, அல்வா போல விரலில் ஒட்டியது. தெரிந்துதான் மூடினேன். தெரிந்துதான் ஊற்றினேன். நிறுத்து என்று அவன் சொன்னபோது, தெரிந்துதான் ஓட்டு என்றேன். இதை என் வாக்குமூலமாக எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நாளைக்கு உங்கள் இன்ஜினியர் வந்து மூடியைத் திறப்பார். சல்லடை பளிச்சென்று இருக்கும், கிழவன் உளறுகிறான் என்று நினைப்பார். கல்லிலிருந்து தூக்கி வந்த இன்ஜினைத் துறைமுக யார்டில் போட்டு, 'நீங்கள்தான் இங்கே மூத்தவர், உப்புத் தண்ணீரைக் கழுவி வையுங்கள்' என்று நேற்று நீங்கள்தானே யார்டு சாவியை என்னிடம் கொடுத்தீர்கள். யாரும் இல்லை. எட்டு போல்ட்டையும் கழற்றினேன். கையை விட்டு சல்லடையை எடுத்து, டீசலில் ஊறவைத்துத் தேய்த்து, திரும்ப மாட்டினேன். மொத்தமே இருபது நிமிஷம். முழங்கால்கூட வலிக்கவில்லை.

அதனால் சல்லடையைக் கழுவினேன் என்று அந்தப் பையனிடம் நான் சொன்னதைப் பொய் என்று மட்டும் எழுதாதீர்கள் ஐயா. கழுவினேன். கொஞ்சம் தாமதமாகிவிட்டது, அவ்வளவுதான்.