மூடியவர் பெயர்

இல்லை, மேடம், அன்றைக்கு நான் கோபப்படவில்லை. காவல் நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதற்காகச் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வருவதே குறைவு. பதினொரு பேரை வைத்து வேலை வாங்குகிறவன் காலையில் முகத்தைச் சுளித்தால் அன்றைய வேலை அதோடு போச்சு. அதனால் தினமும் எல்லாரையும் பலகை முன்னால் நிற்கவைத்து, நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப்போகிறாய், எங்கே சிக்கல் என்று கேட்பேன். உட்கார்ந்தால் பேச்சு வளரும். நின்றால் கால் வலிக்கும். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது மருத்துவமனை வார்டுக்கான மென்பொருள். படுத்திருப்பவரின் இதயத் துடிப்பு தடுமாறினால் நர்ஸின் மேசையில் மணி அடிக்க வேண்டும். அவ்வளவுதான். சொல்வதற்கு ஒரு வரி. செய்வதற்குப் பதினான்கு மாதம்.

பலகையில் நாற்பத்திரண்டு அட்டைகள். நாற்பத்தொன்று பச்சை, ஒன்று சிவப்பு. பச்சை என்றால் வேலை முடிந்து மூடியது, சிவப்பு என்றால் இன்னும் மூடாத பிழை. அந்தச் சிவப்பை ஒட்டியவள் எங்கள் டெஸ்டர். மற்றவர்கள் செய்ததில் ஓட்டை தேடுவது அவள் வேலை. பூதக்கண்ணாடி என்று கூப்பிடுவோம். இரண்டு படுக்கைகளில் ஒரே நொடியில் துடிப்பு தடுமாறினால் ஒரு மணிதான் அடிக்கிறது, மற்றது ஊமையாகிவிடுகிறது என்று எழுதியிருந்தாள். புரோகிராமர்கள் நூறு தடவை முயன்று பார்த்தார்கள். அவர்களிடம் இரண்டும் அடித்தன. அவளிடம் மட்டும் மூன்று தடவை ஊமையானது.

"உன் கண்ணுக்கு மட்டும் தெரியுதுன்னா அது பிழை இல்ல தாயே, பேய்," என்றான் புரோகிராமர்களில் மூத்தவன். அன்றிலிருந்து அந்த அட்டைக்குப் பேய் என்றே பெயர்.

அவள் சிரிக்கவில்லை. "பேயோ பிசாசோ, நான் மூட மாட்டேண்ணா," என்றாள் என்னிடம். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

எங்களிடம் இரண்டு வழக்கங்கள் உண்டு. இரண்டும் நான் கொண்டுவந்தவை. பிழையைக் கண்டுபிடித்தவர்தான் அதை மூட வேண்டும், வேறு யாராலும் முடியாது. மேலே இருக்கிறவர்கள் எதையும் அமுக்கிவிடக் கூடாது என்பதற்காக. அடுத்தது, லீவில் போகிறவர் தன் பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி, என் மேசைமேல் இருக்கும் பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டுப் போக வேண்டும். ஒருவர் வரவில்லை என்று வேலை நிற்கக் கூடாது என்பதற்காக. இரண்டும் நல்ல வழக்கங்கள். தனித்தனியாக.

வியாழக்கிழமை ஒப்படைக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை தேதியைத் தள்ளியாயிற்று. இன்னொரு முறை தள்ளினால் குழுவையே கலைத்துவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். பதினொரு குடும்பம், மேடம். புதன்கிழமை அவள் அம்மாவுக்கு முழங்கால் ஆப்பரேஷன். தயங்கினாள். வேலை கிடக்கட்டும், அம்மா பக்கத்தில் இரு என்று நான்தான் அனுப்பிவைத்தேன். மனதாரத்தான் சொன்னேன்.

அன்று காலை பதினொன்று பத்துக்கு டப்பாவைத் திறந்தேன். அவள் பாஸ்வேர்டு அவள் அம்மாவின் பெயர். அவள் பெயரில் உள்ளே போய், பேய் அட்டையில் 'சரிசெய்யப்பட்டது, மீண்டும் சோதித்தேன்' என்று எழுதி மூடினேன். கடைசியில் முற்றுப்புள்ளி விட்டுப்போயிருந்தது. அவள் அதை மறக்கிறவள் இல்லை. திரும்பத் திறந்து அதையும் வைத்தேன். பிறகு எல்லாருக்கும் டீ சொன்னேன்.

ஒப்படைத்த ஒன்பதாம் நாள் ஒரு வார்டில் ஆறாம் படுக்கையும் பதினான்காம் படுக்கையும் ஒரே நொடியில் தடுமாறின. ஆறுக்கு மணி அடித்தது. நர்ஸ் ஓடினார், காப்பாற்றினார். அந்தப் பாதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பதினான்கில் இருந்த பெண்ணுக்கு முப்பத்து நான்கு வயது. கணவர் கீழே பழம் வாங்கப் போயிருந்தாராம்.

பதிவேட்டைப் பார்த்தார்கள். 'மூடியவர்' என்ற இடத்தில் அவள் பெயர். அவள் என் அறைக்கு வந்து நின்றாள். டப்பா மேசைமேலேயே இருந்தது. அவள் பார்வை அதன்மேல் பட்டு நகர்ந்தது. என்னைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவில்லை. அதுதான் குழு என்பது.

"அண்ணா, நானா மூடினேன்?"

"ஆஸ்பத்திரியில லேப்டாப்பத் திறந்து வச்சிருந்தியேம்மா. அம்மா உள்ள இருக்கறப்ப யாருக்கு என்ன நினைவிருக்கும்?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "இருக்கும்ணா," என்றாள்.

ஒரு வாரத்தில் மூடிய காட்சியே அவளுக்கு நினைவு வந்துவிட்டது. எந்த நாற்காலி, பக்கத்தில் யார் இருமினார்கள் என்பது வரை சொன்னாள். நான் குறுக்கே பேசவில்லை. வழக்கும் அவள்மேல் பதிவானது.

அந்தப் பதிவு என் மேசைக் கணினியிலிருந்து போனது என்று நீங்கள் பிடித்தது நல்ல வேலை, மேடம். உங்களைப் போல ஒருவர் எங்களிடம் இருந்திருக்கலாம். ஆமாம், நான்தான் மூடினேன். மறைக்க ஒன்றுமில்லை.

ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை அவள் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ளப்போகிறாள். மனதைத் தேற்றிக்கொண்டுவிட்டாள். இறந்தவரின் கணவருக்கு மன்னிப்புக் கடிதம்கூட எழுதினாள். நான்தான் படித்துத் திருத்திக் கொடுத்தேன். போன வாரம்தான் ஒழுங்காகத் தூங்கினேன் என்றாள். இப்போது போய் நீ இல்லை என்று சொன்னால் அந்தப் பெண் தாங்குவாளா? பலகையும் இந்த மாதம் முழுக்கப் பச்சையாக இருக்கிறது. நான் சொன்னது அத்தனையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மூடியவர் என்ற இடத்தில் மட்டும் அவள் பெயரே இருந்துவிட்டுப் போகட்டுமே, மேடம்?