குச்சியும் வேண்டும் என்றவர்

மேடையில் வீற்றிருக்கும் நிறுவனத் தலைவர் அவர்களே, தொழிற்சங்கத் தோழர்களே, எஞ்சின் பிரிவின் நண்பர்களே, மறைந்த நம் தலைமைப் பொறியாளரை நினைத்து முன்வரிசையில் துயரத்தோடு அமர்ந்திருக்கும் அவருடைய துணைவியார் அவர்களே, அவருடைய அக்கா அவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

அவரைப் பாராட்டிப் பேசி எனக்குப் பழக்கமில்லை. எதிர்த்துப் பேசித்தான் பழக்கம். இன்று எதிரே பதில் சொல்ல அவர் இல்லை. அதனால் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.

நம் தலைமைப் பொறியாளர்! நமக்கெல்லாம் சென்சார் சார்! எஞ்சினில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று ஓட்டுபவருக்கு முன்னால் திரையில் காட்டும் சென்சாரை நம் கார்களுக்குக் கொண்டுவந்தவர். அதனால் வந்த பெயர். "வெளியிலதான் இவர் சென்சார். வீட்டுல நான்தான். இவர் பேச்சுல பாதிய நான் வெட்டிடுவேன்" என்று அவர் துணைவியார் சொல்லும்போது, நம்மைவிட உரக்கச் சிரிப்பவர் சார்தான்.

நான் சோதனைப் பிரிவுக்காரி. ஆயில் குச்சியின் கட்சி. பானெட்டைத் திறந்து, மஞ்சள் வளையத்தைப் பிடித்து இழுத்து, துடைத்து, மறுபடியும் உள்ளே விட்டு எடுத்துப் பார்ப்போமே, அந்தக் குச்சிதான். இனிமேல் வரும் கார்களுக்கு அது வேண்டுமா, வேண்டாமா? எங்கள் இருவருக்கும் வருடக்கணக்காக இதே சண்டை.

"அம்மா தாயே, இன்னிக்கு யாரு பானெட்டத் திறக்குறாங்க?" என்பார். "எங்க அக்கா இத்தனை வருஷமா கார் ஓட்டுறா. பானெட்டத் திறக்குற பிடி எங்க இருக்குன்னே அவளுக்குத் தெரியாது. எண்ணெய் வத்திப்போய், பேரப்பிள்ளைங்கள வச்சுக்கிட்டு ஓடுற வண்டியில எஞ்சின் இறுகிப் பிடிச்சுக்கிட்டு நடுரோட்டுல நின்னுபோச்சு. அன்னிக்கு ஒரு விளக்கு எரிஞ்சிருந்தா ஓரங்கட்டியிருப்பா."

"கண்ணால பார்க்குறது வேற சார். எண்ணெய் கறுத்துப்போச்சா, தண்ணி கலந்து பால் மாதிரி வெளுத்திருக்கா, உங்க சென்சார் சொல்லுமா?"

"மேட்டுல நிறுத்திட்டுக் குச்சிய இழுத்துப் பார்த்தா, உங்க குச்சிதான் உண்மையச் சொல்லுமா?"

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வென்றது அவர். புதிய மாடலில் குச்சி போயிற்று. குச்சி நுழையும் குழாயும் போயிற்று. செலவு குறைந்தது. எண்ணெய் கசியும் இடம் ஒன்று குறைந்தது. இதே அரங்கில் அவருக்கு விருது கொடுத்தோம். நானும்தான் கை தட்டினேன்.

அதற்கு மறு வருடம் நடந்ததைத்தான் நான் சொல்ல வந்தேன்.

வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் ஒரு நர்ஸ், அந்தப் புது மாடல் காரை வாங்கியிருந்தார். ஒருநாள் சிறுநீரகம் கெட்டுப்போன ஒரு பெரியவரை, டயாலிசிஸுக்காகப் பின் இருக்கையில் படுக்கவைத்து மலைச்சாலையில் அழைத்துப்போகிறார். திடீரென்று திரையில் சிவப்பு எழுத்து: எண்ணெய் அளவை அறிய முடியவில்லை. காரை நிறுத்துகிறார். டாக்சி ஓட்டும் கணவருக்குப் போன் போடுகிறார்.

"பதறாத. பானெட்டத் திற. மஞ்சக் கலர்ல ஒரு வளையம் இருக்கும், அதப் பிடிச்சு இழு."

"இல்லீங்க."

"நல்லாப் பாரு, எஞ்சின் பக்கவாட்டுல இருக்கும்."

"எல்லா இடத்துலயும் பார்த்துட்டேங்க. இல்லவே இல்ல!"

எண்ணெய் இருக்கிறதா, இல்லையா? யாரைக் கேட்பது? ஓட்டினால் எஞ்சின் போகும், வளைவில் வண்டி நின்றாலும் நிற்கும். ஓட்டாவிட்டால் பின்னால் இருப்பவரின் உயிர் என்ன ஆகும்? போனில் கூப்பிட்ட எந்த வண்டியும் அந்த மலைக்கு உடனே வருவதாக இல்லை. கடைசியில் இழுவை வண்டி வந்துதான் அவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். பெரியவர் தீவிர சிகிச்சையில் பல நாள் கிடந்து பிழைத்தார். பணிமனையில் காரைத் திறந்து பார்த்தால், எண்ணெய் நிறைய இருந்தது! எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. சென்சாரின் கம்பி ஒன்று அறுந்திருந்தது. அவ்வளவுதான்.

அந்த நர்ஸ் நேராக நம் தொழிற்சாலைக்கு வந்தார். வாடிக்கையாளர் பிரிவில் பேசி அனுப்பியிருக்கலாம். சென்சார் சார் தானே கீழே இறங்கி வந்து, தன் அறைக்கு அழைத்துப்போனார். நானும் உடன் இருந்தேன். அவர் சாக்குச் சொல்லவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, "இன்னொரு தடவ சொல்லுங்கம்மா" என்றார். மறுபடியும் கேட்டார்.

அந்த அம்மா கோபப்படவில்லை. "சார், அந்த மெஷினுக்கு உடம்பு சரியில்லாமப் போனா நான் யாரக் கேக்கறது? அது மட்டும் சொல்லுங்க" என்றார்.

சார் அடுத்து என்ன செய்தார் தெரியுமா? நிர்வாகக் கூட்டத்தில் எழுந்து நின்று, தனக்கு விருது வாங்கிக் கொடுத்த வடிவமைப்பைத் தானே எதிர்த்தார்!

"உங்க சென்சார நீங்களே குறை சொன்னா விற்பனை என்ன ஆகறது?" என்று கேட்டார்கள்.

"சென்சார் பொய் சொல்லல சார். அது வாயடைச்சுப் போச்சு. அப்போ பார்க்க வேற வழி இல்லாமப் பண்ணினது நான். அதத்தான் குறைன்னு சொல்றேன்."

அந்த வருடம் அவருக்கு வரவேண்டிய இயக்குநர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. அவர் அதைப் பற்றி ஒருமுறை கூடப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் அந்தக் குழாய்க்கு இடம் கேட்டார். விடாமல் கேட்டார். சலிக்காமல் கேட்டார். அடுத்த எஞ்சினில் குச்சி திரும்பி வந்தது.

அன்று நான் துள்ளிக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். "பார்த்தீங்களா சார், கடைசியில ஜெயிச்சது என் கட்சிதான்!"

"உங்க கட்சியும் இல்ல, என் கட்சியும் இல்ல" என்றார். "சென்சாரையும் எடுக்க விடமாட்டேன். எங்க அக்காவுக்கு விளக்கு எரியணும். அந்த நர்ஸம்மாவுக்குக் குச்சி இருக்கணும். ரெண்டு பேரும் நம்மள நம்பி ஒரே காரத்தானே வாங்குறாங்க?"

நண்பர்களே! தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளும் திறமைசாலிகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். தன் பெயரை ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பார்த்த இன்னொருவரை நான் எங்கே போய்த் தேடுவேன்?

அடுத்த மாடலின் வரைபடம் இப்போது என் மேசையில் இருக்கிறது. அதில் மறுபடியும் குச்சி இல்லை. சென்சார் இப்போது நன்றாகத் தேறிவிட்டது, இனி எதற்கு என்கிறார்கள். உண்மையாகவே தேறியிருக்கலாம். அதைச் சோதிக்க வேண்டியது என் பிரிவுதான். எந்தப் பக்கமும் சாயாமல் சோதிப்போம் என்று இந்த அவையில் வாக்குக் கொடுக்கிறேன். நாளை நாமும் எஞ்சினே இல்லாத மின்சாரக் கார்களைச் செய்வோம். அங்கேயும் ஓட்டுபவரின் கையிலிருந்து ஏதோ ஒன்றை எடுக்கலாமா என்ற கேள்வி வரும். அப்போதெல்லாம், எடுத்தால் வழியில் தவிக்கப்போவது யார் என்று கேட்டு, அவர்களில் ஒருவரையாவது அறைக்குள் அழைத்து உட்காரவைத்த பிறகே முடிவெடுப்போம்.

அந்த நர்ஸ் அம்மா இங்கே பின்வரிசையில் வந்து அமர்ந்திருக்கிறார். உள்ளே வரும்போதே அவரிடம் பேசிவிட்டேன். அந்த வரைபடத்தைப் பற்றி முடிவெடுக்கும் திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு வர ஒப்புக்கொண்டிருக்கிறார். தலைவர் அவர்களே, அவருக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள்.